மஞ்சப்பையா, ஸ்கேனா, சந்தா மென்பொருளா: மலையடிவாரச் சின்ன ஆஸ்பத்திரிக்கு எது ஒத்துவரும்?

காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஓபி வரிசையைப் பார்த்தால் பாதிப் பேர் கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். அதற்குள் நாலாக மடித்த எக்ஸ்ரே, கட்டப்பனையில் எடுத்த சர்க்கரை ரிப்போர்ட், கோட்டயம் மெடிக்கல் காலேஜில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, தேனி க.விலக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, பெயர் இருக்கிற பக்கம் கத்தரிக்கப்பட்டு நாலு மாத்திரை மட்டும் மிச்சமிருக்கிற அட்டை, எழுத்து மங்கிப்போன ஒரு ஈசிஜி தாள் எல்லாம் இருக்கும். எங்கள் பக்கத்து மக்களின் மருத்துவப் பதிவேடு இந்தப் பைதான். தமிழ்நாடு, கேரளா என்று பார்க்காமல் எல்லைக்கு இரண்டு பக்கமும் போய் வருகிற பதிவேடு இது ஒன்றுதான் என்பதால் இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நான் கம்பத்தில் 20 படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையில் பதினோரு வருடமாக நிர்வாகம் பார்க்கிறேன். நோட்டிலேயே தொடரலாமா, கணினிக்கு மாறலாமா, மாறினால் எதற்கு மாறுவது என்று கூடலூர், சின்னமனூர், குமுளி பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் நாங்கள் பார்த்ததையும் பட்டதையும், இப்போது எடுத்திருக்கிற முடிவையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். 200 படுக்கை, தனி ஐடி பிரிவு என்று இருக்கிற நகரத்து மருத்துவமனைக்கு இது பொருந்தாது.

இங்கே நிலைமை வேறு. விடியற்காலையிலேயே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் கம்பம்மெட்டு ஏற ஆரம்பித்துவிடும். ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் டீ குடித்த பெண் பத்து மணிக்குக் கேரளப் பக்கம் வண்டன்மேட்டில் காய் எடுத்துக்கொண்டிருப்பார், அங்கே மயங்கி விழுந்தால் கட்டப்பனைக்குக் கொண்டுபோவதா கம்பத்துக்கு இறக்குவதா என்பதை அந்த நேரத்தில் கிடைக்கிற வண்டிதான் முடிவு செய்யும். அதே மாதிரி குமுளி, வண்டிப்பெரியாறு ஆட்கள் எங்களிடம் இறங்கி வருகிறார்கள். அதனால் எந்த முறையைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நடுராத்திரி இரண்டு மணிக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கேஷுவால்டியில் இவர் நினைவில்லாமல் படுத்திருந்தால், இவருக்கு எந்த மருந்து ஒத்துக்காது, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அங்கே நிற்கிற டாக்டர் கண்ணில் படுமா? மற்ற வசதிகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் காகிதம். அதை மட்டம் தட்டிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தோட்டத்தில் மருந்தடிக்கும்போது உடம்பில் ஏறியோ, மனம் நொந்து குடித்தோ பூச்சிமருந்து கேஸ் எங்களுக்கு வரும். ஆர்கனோபாஸ்பரஸ் வகை என்றால் விஷமுறிவுக்கான அட்ரோபின் ஊசியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், நெஞ்சில் சளிச்சத்தம் அடங்கி, நாடித்துடிப்பு 80ஐத் தாண்டி, ரத்த அழுத்தம் நிமிர்கிற வரைக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் நேரம், அளவு, நாடி, கண்மணி, நெஞ்சுச்சத்தம் எழுத வேண்டும். எங்கள் சீனியர் சிஸ்டர் கிளிப் அட்டையில் ஒரு தாளைச் செருகி, ஸ்கேல்கூட இல்லாமல் கட்டம் கிழித்து, படுக்கை ஓரத்தில் நின்றபடியே எழுதிவிடுவார். டாக்டர் தலையைத் திருப்பினால் கடைசி அரை மணி நேரம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். அதே வேலையை ஒரு மென்பொருளில் செய்து பார்த்தோம். லாகின், நோயாளி பெயர், மருந்துப் பட்டியல், அளவு, வழி, சேமி என்று ஒரு ஊசிக்கு ஆறு தட்டல் ஆனது. மூன்றாவது ஊசியோடு சிஸ்டர் மவுஸை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துவிட்டார், அவர் செய்தது சரி.

அதே தாள் ஒரு தடவை எங்களைக் கைவிட்டும் இருக்கிறது. நோயாளியைத் தேனிக்கு அனுப்பும்போது சார்ட்டும் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டது. நகல் எடுக்கவேண்டும் என்று அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்து விசாரணைக்காகப் பதிவைக் கேட்டபோது எங்களிடம் இருந்தது அட்மிஷன் நோட்டில் இரண்டு வரி. அத்தனை மணி நேரம் நின்று பார்த்த சிஸ்டரின் உழைப்புக்கு ஒரு சாட்சி இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

சட்டமும் இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் ரெக்கார்டு ரூம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஜூன், ஜூலையில் மலைச்சாரல் இறங்கினால் கட்டுகளின் அடி ஈரம் கோத்துக்கொள்ளும், ஒரு வருடம் முழுக் கட்டு ஒன்று கரையானுக்குப் போனது. 72 மணி நேரக் கெடுவில் அந்த அறைக்குள் இறங்கித் தேடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்தது, காகிதத்தில் எழுதிவிட்டு ஸ்கேன் செய்து வைப்பது. செலவு குறைவு, டாக்டர் பழக்கத்தை மாற்ற வேண்டாம், ஒரு ஸ்கேனரும் பொறுமையான ஒரு ஆளும் போதும். முக்கியமாக ஈசிஜி. அது வெப்பத்தில் அச்சாகிற தாள், இரண்டு மூன்று வருடத்தில், வெயில் பட்டால் அதற்கும் முன்னாலேயே, வெறும் ரோஸ் கலர் கட்டமாகிவிடும். நெஞ்சுவலி என்று வருகிறவரின் பழைய ஈசிஜி கையில் இருந்தால் இன்றைய மாற்றம் புதிதா பழையதா என்று உடனே தெரியும். ஆகவே மற்ற எதைச் செய்யாவிட்டாலும் ஈசிஜியை அன்றைக்கே ஸ்கேன் செய்துவிடுங்கள். ஆனால் ஸ்கேன் என்பது படம்தான். அதில் எண்ணைத் தேட முடியாது, ஒப்பிட முடியாது, பென்சிலின் ஒத்துக்காதவருக்கு அதே வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதும்போது அது வாய் திறந்து சொல்லாது.

மூன்றாவது வழிதான் இப்போது எல்லோரும் வந்து விற்கிறது. மாதச் சந்தா கட்டி, இணையம் வழியாக ஓடுகிற மருத்துவமனை மென்பொருள். இதன் பலனை நான் கண்ணால் பார்த்தேன், அதைச் சொல்லாமல் குறைகளை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், தோட்டத்தில் கவாத்து வேலை பார்ப்பவர், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் முதலில் 1.1, எட்டு மாதம் கழித்து 1.4, அப்புறம் 1.8. மூன்று தடவையும் வேறு வேறு டாக்டர், மூன்று தனித்தனித் தாள், ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தவர்களுக்கு அவசரம் தெரியவில்லை. லேப் முடிவுகளை மென்பொருளில் ஏற்றிய பிறகு மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் வந்து நின்றன. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரித்தார். மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோபினாக் வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். அதை நிறுத்தி, மெட்ஃபார்மின் அளவைக் குறைத்து, மதுரையில் சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினோம். அந்த ஒரு திரைக்காகவே சந்தா கட்டலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மருந்தகத்திலும் இதே கதைதான். எந்த மருந்து எப்போது காலாவதி, எந்த பேட்ச் யாருக்குப் போனது, எது தீரப்போகிறது என்பதெல்லாம் நோட்டில் பார்க்க அரை நாள் ஆகும், இதில் ஒரு நிமிடம். இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, மருந்தகத்துக்கும் பில்லுக்கும் கணினி வேண்டும், அவ்வளவுதான்.

பிரச்சினை டாக்டர் அறையில்தான் ஆரம்பிக்கிறது. எங்கள் டாக்டர் ஒரு நாளைக்கு 120 ஓபி பார்க்கிறார். ஒரு ஆளுக்குத் தட்டச்சு செய்ய 2 நிமிடம் கூடினால் 4 மணி நேரம். அந்த 4 மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? வரிசையில் கடைசியில் நிற்கிற, ஆறு மணி ஜீப்பையோ பஸ்ஸையோ பிடிக்க வேண்டிய ஆளிடமிருந்துதான் எடுக்க வேண்டும். இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், டாக்டர்கள் நோயாளியோடு நேரடியாகச் செலவிடுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போகிறது என்று கண்டார்கள். அவ்வளவு பணமும் ஆளும் இருக்கிற இடத்திலேயே அந்த நிலை.

நேரம் இல்லாதபோது ஆட்கள் குறுக்கு வழி தேடுவார்கள், மென்பொருளே அந்த வழியைக் கொடுக்கிறது. 'முந்தைய வருகையை நகலெடு' என்று ஒரு பொத்தான். ஒரு பாட்டியின் பதிவைச் சரிபார்த்தபோது நான்கு வருகையிலும் ரத்த அழுத்தம் 130/80 என்று அச்சடித்த மாதிரி இருந்தது. சிஸ்டர் கையால் எழுதுகிற பிபி நோட்டை எடுத்துப் பார்த்தால் நான்கும் வேறு வேறு, ஒன்று 168. கையெழுத்து புரியாவிட்டால் திரும்பக் கேட்போம், ஆனால் திரையில் அழகாக அச்சான தப்பை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அன்றைக்கே அந்தப் பொத்தானை நிறுத்தச் சொன்னோம்.

அப்புறம் கரண்டும் நெட்டும். காற்று மாதத்தில் இங்கே கரண்ட் போவது சகஜம், ஜெனரேட்டர் ஓடினாலும் ஃபைபர் எங்கேயோ அறுந்து கிடக்கும். நெட் இல்லாதபோதும் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வந்ததும் தானே சேர்த்துக்கொள்கிற மென்பொருளா என்று கேளுங்கள். வாயால் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். டெமோ காட்டும்போது ரௌட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு, இப்போது ஒரு நோயாளியைப் பதிவு செய்யுங்கள் என்று சொல்லுங்கள். எங்களிடம் வந்த மூன்று பேரில் ஒருவர்தான் தேறினார்.

இதைவிடப் பெரிய அடி எங்களுக்கு விழுந்தது, முதலில் வாங்கிய மென்பொருளை விட்டு வெளியே வர நினைத்தபோது. அந்தக் கம்பெனி சந்தாவை ஏற்றியது, நாங்கள் வேறு பார்க்கிறோம் என்றோம், எங்கள் நோயாளிகளின் தகவலைக் கேட்டோம். இரண்டு வருடப் பதிவுகளை ஆயிரக்கணக்கான பிடிஎஃப் கோப்புகளாகக் கொட்டிக் கொடுத்தார்கள். எந்த மென்பொருளிலும் அதை ஏற்ற முடியவில்லை. இரண்டு பெண்கள் ஐந்து மாதம் உட்கார்ந்து, ஒத்துக்காத மருந்து, நாள்பட்ட நோய், கடைசி லேப் முடிவு இந்த மூன்றை மட்டும் திரும்பத் தட்டினார்கள். மற்றது போனது போனதுதான். மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்திய மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள் இருக்கின்றன. நோய்க்கு ஐசிடி-10, நோய்ச்சொற்களுக்கு ஸ்னோமெட் சிடி, லேப் பரிசோதனைக்கு லோயின்க், படங்களுக்கு டைகாம் என்று பொதுவான குறியீடுகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றின்படி தகவலை வெளியே எடுத்துக் கொடுக்க முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தக் கசப்பில்தான் நான்காவது வழியை யோசித்தோம், சொந்த சர்வரில் திறமூல மென்பொருள், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடியது. பஹ்ம்னி என்று ஒன்று இருக்கிறது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கனியாரி கிராமத்து மருத்துவமனையில் வேர்விட்டு வளர்ந்தது, நோயாளிப் பதிவுக்கு ஓப்பன் எம்ஆர்எஸ், லேபுக்கு ஓப்பன் எலிஸ், பில்லுக்கும் சரக்குக்கும் ஓடூ என்று மூன்றைக் கோத்துச் செய்தது. உரிமக் கட்டணம் கிடையாது, தகவல் நம் கட்டடத்திலேயே இருக்கும், நெட் போனாலும் உள்ளே வேலை நடக்கும். நம்மைப் போன்ற இடத்துக்காகவே நினைத்துச் செய்ததுபோல இருக்கும். ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள, தினமும் பேக்கப் எடுக்க, எடுத்த பேக்கப் உண்மையில் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை சோதிக்க, தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். கம்பத்தில் அப்படி ஒரு பையன் கிடைத்தான், கெட்டிக்காரன், எட்டு மாதத்தில் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் போனதில் தப்பில்லை. ஆனால் பாதுகாப்பு ஒரு ஆளை நம்பி நிற்பது பயமாக இருக்கிறது. டெல்லி எய்ம்ஸிலேயே 2022 நவம்பர் 23 அன்று சர்வர்களை ரான்சம்வேர் என்கிற, பணம் பறிப்பதற்காகத் தகவலைப் பூட்டிவைக்கிற வைரஸ் முடக்கி, இரண்டு வாரம் போலக் கையால் எழுதி ஓட்ட வேண்டிவந்தது. அவர்களாவது பேனாவுக்குத் திரும்ப முடிந்தது. அதனால் எந்த மென்பொருள் வாங்கினாலும் காகிதப் படிவம் ஒரு வாரத்துக்கு அச்சடித்து அலமாரியில் இருக்கட்டும்.

இந்த நான்கு வழியில் எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, யாரும் சொல்லித் தராத வேலை. பெயர். ஒரே பெண் எங்களிடம் செல்வி, தமிழ்ச்செல்வி, சில்வி என்று மூன்று எண்ணில் இருந்தார். தமிழ்நாட்டு அட்டையில் அப்பா பெயரின் முதலெழுத்து, கேரளப் பக்கத்துச் சீட்டில் வீட்டுப்பெயர். வயது கேட்டால் 'பெரிய வெள்ளம் வந்தப்ப கைக்குழந்தை' என்பார்கள். போன் நம்பர் சில நேரம் ஜீப் டிரைவருடையது, சில நேரம் தோட்டத்து சூப்பர்வைசருடையது. இதைச் சரிசெய்யாமல் கணினியில் ஏற்றினால் தப்பான ஆளின் மருந்தை வேகமாக எடுத்துக் கொடுக்கிற ஏற்பாடாகத்தான் அது முடியும். நாங்கள் ஆறு மாதம் காகிதத்திலேயே இதைச் செய்தோம்: வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண், லேமினேட் செய்த சின்ன அட்டை, பெயர், அம்மா பெயர், பிறந்த வருடம், ஊர், தோட்டம். அம்மா பெயரைச் சேர்த்ததுதான் பெரிய உதவி, எந்த மொழியில் கேட்டாலும் அதை யாரும் மாற்றிச் சொல்வதில்லை.

இங்கேதான் ஆபா, அதாவது மத்திய அரசுத் திட்டத்தின் சுகாதாரக் கணக்கு எண் வருகிறது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்டது, ஆளுக்கு 14 இலக்க எண். கேரள அரசு மருத்துவமனைகளில் இ-ஹெல்த் ஒரு தனி ஏற்பாடு, தமிழ்நாட்டில் நம் அரசு வைத்திருப்பது வேறு. ஆபா மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று. எல்லையில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு இதுதான் பெரிய காரணம். பதிவு எல்லாம் டெல்லியில் ஒரு கிடங்கில் போய்ச் சேருகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அது அப்படி அமைக்கப்படவில்லை, பதிவு அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், நோயாளி சம்மதித்தால் மற்றவர் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் வரிசையில் ஆதாரோடு இணைத்த போன் கணவர் கையில், கணவர் மலைமேல், அங்கே சிக்னல் இல்லை, ஓடிபி வந்து சேரவில்லை என்றால் அந்தப் பெண் என்ன செய்வார்? ஆபா இல்லை என்று யாரையும் காக்க வைக்கக் கூடாது என்று கவுன்டரில் எழுதியே ஒட்டியிருக்கிறோம். நினைவில்லாமல் கிடக்கிறவரால் சம்மதமும் சொல்ல முடியாது, ராத்திரி இரண்டு மணிக் கேள்விக்கு அது இன்னும் முழுப் பதில் ஆகவில்லை.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன ஊர், கவுன்டரில் இருக்கிற பெண்ணுக்கு நோயாளி பெரியம்மா முறையாக இருப்பார். கேஸ் ஷீட் காகிதத்தில் இருந்தபோது அதைப் பார்க்க ரெக்கார்டு ரூமுக்குள் போக வேண்டும். கணினியில் ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தால் ஊரில் யாருக்குக் காசநோய், யார் கருவைக் கலைத்தார் என்பதை மருந்தகப் பையன்கூடப் பார்க்கலாம். எச்ஐவி தகவலுக்கு 2017 சட்டமே தனியாக இருக்கிறது, பொதுவாக 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, யார் எந்தப் பதிவை எப்போது திறந்தார் என்ற குறிப்பு, இரண்டும் இல்லாத மென்பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சரி, எங்கள் முடிவு. 10 படுக்கைக்குக் கீழே, ஒரு டாக்டர் என்றால் எண்ணும் அட்டையும் ஸ்கேனும் போதும், சந்தாப் பணத்தில் நல்ல யுபிஎஸ்ஸும் ஒரு ஆளும் போடுங்கள். எங்களைப் போல 20, 30 படுக்கை என்றால் சந்தா மென்பொருள், ஆனால் பதிவு, லேப், மருந்தகம், டிஸ்சார்ஜ் சம்மரி இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டாக்டர் ஓபியில் கையால் எழுதட்டும், சாயங்காலம் ஸ்கேன் ஆகட்டும். ஒத்துக்காத மருந்தும் தினசரி மாத்திரையும் மட்டும் சிஸ்டர் கணினியில் ஏற்றுவார். கேஷுவால்டி சார்ட் காகிதம்தான், வண்டி கிளம்பும் முன் ஆஸ்பத்திரி போனில் படம். சொந்த சர்வர், தெரிந்த ஆள் இரண்டு பேராவது நிரந்தரமாக இருக்கிற டிரஸ்ட் மருத்துவமனைகளுக்கு நல்ல வழி, அவர்கள் தைரியமாகப் போகலாம்.

மஞ்சப்பையை விடவில்லை. ஒவ்வொரு வருகைக்கும் அரைத் தாள் ஒன்று அச்சாகிறது. மேலே கொட்டை எழுத்தில் ஒத்துக்காத மருந்து, அதன் கீழே இப்போது சாப்பிடுகிற மாத்திரைகள் 1-0-1 முறையில், நோய்களும் கடைசி லேப் எண்களும் கீழே, மருந்துப் பெயர் ஆங்கிலத்தில், சாப்பிடுகிற விவரம் தமிழிலோ மலையாளத்திலோ, அவர் எதைப் படிப்பாரோ அதில். போன மாதம் வண்டன்மேட்டிலிருந்து ஒரு அம்மாவை மேலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் சேலை முடிச்சில் அந்தத் தாள் இருந்திருக்கிறது. அங்கிருந்து டியூட்டி டாக்டர் எங்களுக்குப் போன் செய்து, சல்ஃபா ஒத்துக்காது என்று போட்டிருக்கிறீர்களே, என்ன ஆனது, தடிப்பா மூச்சுத்திணறலா என்று மலையாளத்தில் கேட்டார். சிஸ்டர் எண்ணைத் தட்டித் திரையைப் பார்த்துப் பதில் சொன்னார்.